எலிமினேட்டர் காலத்து மின்னழுத்தம்

அமெரிக்காவில் 1920-ஆம் ஆண்டை ஒட்டி ஒலிபரப்பு ஆரம்பமாகி, ரேடியோப் பெட்டி வீட்டுக் கூடத்தில் இடம் பிடித்தபோது, வால்வின் இழையைச் சூடேற்ற 6 வோல்ட் 'ஏ' பாட்டரி, தகட்டிற்கு 45 முதல் 135 வோல்ட் வரை வழங்கும் 'பி' பாட்டரி, கிரிட்டிற்குச் சிறு எதிரழுத்தம் தரும் 'சி' பாட்டரி என்று மூன்றுவிதப் பரிவாரமும் அதனோடு வந்து சேர்ந்தது. 'ஏ' பாட்டரியின் அமிலம் கம்பளத்தைப் பொசுக்கும். 'பி' பாட்டரியோ தீர்ந்தபின் தூக்கி எறிவதற்கன்றி வேறெதற்கும் உதவாது. விளக்கெரிக்கும் மின்சாரம் சுவர்வரை வந்திருக்க இந்தத் தண்டச் செலவு எதற்கு என்ற எண்ணம் பிறந்ததில் ஆச்சரியமில்லை.

அவ்வெண்ணத்தின் பயனே 'பாட்டரி எலிமினேட்டர்' என்னும் சாதனம். டிரான்ஸ்பார்மர் ஒன்று, மாறுமின்சாரத்தை ஒருதிசைப்படுத்தும் ரெக்டிபையர் ஒன்று, அதன் அலைகளை அடக்கும் சோக் சுருளும் கண்டென்ஸர்களும்: அவ்வளவுதான் அதன் அங்கங்கள். ஆகவே கைத்திறமுள்ள இளைஞர்கள் அதை வீட்டிலேயே செய்யத் துணிந்தார்கள். பழம் பதனிடும் கண்ணாடி ஜாடிகளில் வெண்காரக் கரைசலை நிரப்பி, அலுமினியத் தகட்டையும் ஈயத் தகட்டையும் அதில் தொங்கவிட்டு ரெக்டிபையராக உபயோகித்தவர் பலர். கரைசல் சூடேறினால் மின்சாரம் பின்னோக்கிக் கசியும் என்ற தோஷம் அதற்கு உண்டு. 1925-இல் ரேதியான் கம்பெனி, இழையே இல்லாத வாயு நிரப்பிய ரெக்டிபையர் குழாயை விற்பனைக்குக் கொணர்ந்த பின்னரே ஜாடிகளுக்கு விடுதலை கிடைத்தது.

ஆயினும் மின்னழுத்தத்தைப் பற்றிய சங்கடம் அத்துடன் ஒழியவில்லை. உண்மையில் அப்போதுதான் தொடங்கியது. நல்ல பாட்டரியின் உள்தடை அற்பமாதலால், 90 வோல்ட் என்று அதன்மேல் எழுதியிருந்தால், எத்தனை வால்வுகளை மாட்டினாலும் ஏறக்குறைய 90 வோல்ட்டே கிடைக்கும். எலிமினேட்டரிலோ டிரான்ஸ்பார்மரின் சுற்றுகள், சோக், அழுத்தத்தைக் குறைக்க இட்ட தடைகள் எல்லாம் மின்னோட்டத்தின் வழியில் குறுக்கே நிற்பதால், எடுக்கும் மின்னோட்டம் கூடக்கூட அழுத்தம் தாழும். எல்லா வால்வுகளையும் கழற்றிவிட்டால் அது கட்டின்றி ஏறிக் கண்டென்ஸரையே துளைத்துவிடுவதும் உண்டு. முனையில் பொறித்த எண் ஒரு குறிப்பிட்ட மின்னோட்டத்திற்கு மாத்திரமே பொருந்தும் என்பதைப் பாட்டரியோடு பழகிய மனம் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை.

இதைவிட விநோதம், அளக்கும் கருவியே பொய் சொன்னது. பாட்டரியைச் சோதிக்க வைத்திருந்த மலிவான வோல்ட்மீட்டரை எலிமினேட்டரின் முனைகளில் வைத்தால், வோல்ட்டிற்கு 100 ஓம் தடையுள்ள மீட்டர் முள் முழுதும் விலகும்போது தானே 10 மில்லியாம்பியரை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு தனி டிடெக்டர் வால்வு கேட்பதைக் காட்டிலும் அது பன்மடங்கு. முள் தாழ்ந்து நிற்கும், எலிமினேட்டர் பழுதென்று செய்தவன் கலங்குவான், பழுதோ மீட்டரிடம். வோல்ட்டிற்கு 1000 ஓம் தடையுள்ள மீட்டர்கள் அக்காலத்து ரேடியோக்காரர்களிடையே மதிப்புப் பெற்றது இக்காரணத்தாலேயே.

மீட்டர் இல்லாதவனுக்குச் செவியே துணை. அந்நாட்டு மின்சாரம் விநாடிக்கு 60 சுற்று. முழுஅலை ரெக்டிபையர் அதை 120 அதிர்வுள்ள ரீங்காரமாக்கும். அந்த ரீங்காரம் ஒரு ஸ்தாயி கீழிறங்கி ஒலித்தால், ரெக்டிபையரின் ஒரு பாதி செத்துவிட்டது என்று பொருள். 'டுப் டுப்' என்று மோட்டார்ப் படகின் ஓசை கேட்டால், எலிமினேட்டரின் உள்தடை வழியாக ஒரு வால்வின் அலை மற்றொன்றில் புகுந்து சுழல்கிறது என்று அறியலாம். கடைசிக் கண்டென்ஸரைப் பெரிதாக்குவது அதற்கு எளிய பரிகாரம். 90 வோல்ட்டை நிலையாகத் தாங்கிநிற்கும் 874 என்ற ஒளிர்குழாயையும் வசதியுள்ளவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். இன்றைய ரெகுலேட்டர் சில்லுகளுக்கு அதையே மூதாதை என்று நான் கருதுவேன்.

டொரான்டோவில் எட்வர்ட் ரோஜர்ஸ் 1925-லேயே பாட்டரியில்லா ரேடியோவை விற்கத் தொடங்கியிருந்தார், 1927-இல் ஆர்.சி.ஏ. மாறுமின்சார வால்வுகளை வெளியிட்டதும் மின்வழங்கி ரேடியோப் பெட்டிக்குள்ளேயே குடிபுகுந்து, தனி எலிமினேட்டரின் சந்தை சுருங்கலாயிற்று. அந்த அந்திமக் காலத்தில், 1928-இல், பால் கால்வின் சிகாகோவில் நொடித்துப்போன ஓர் எலிமினேட்டர் தொழிலை ஏலத்தில் 750 டாலருக்கு எடுத்தார். இரண்டே ஆண்டில் அவருடைய கம்பெனி 'மோட்டரோலா' என்ற பெயரில் கார் ரேடியோவுக்கு மாறியது. ஆனால் காரில் சுவர் மின்சாரம் ஏது? ஆதலால், 6 வோல்ட்டை உயர்த்தித் தரும் வைப்ரேட்டர் பரவும்வரை, அக்காலக் கார் ரேடியோக்களுக்காகக் காரின் தரைப்பலகைக்கு அடியில் 'பி' பாட்டரிகளை மறுபடியும் அடுக்கவேண்டியிருந்தது.