பந்தைத் தொடும் தோல்

பட்டுக்கோட்டை என்றதும் இலக்கிய வாசகருக்கு நினைவில் எழுவது கல்யாணசுந்தரத்தின் பெயராக இருக்கும். விவசாயிக்குத் தென்னந்தோப்பு. எனக்கு, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் கிடந்த பூல் மேசை. 2003 அல்லது 2004ஆக இருக்கலாம். அரை மணி நேரத்துக்குப் பணம் கட்டிவிட்டு ஒன்றரை மணி நேரம் நின்றிருப்போம். மேசையைப் பார்த்துக்கொண்டவர் அறுபதைக் கடந்தவர். நீலகிரியின் கிளப் ஒன்றில் நீண்டகாலம் மார்க்கராக இருந்து, ஓய்வுக்குப் பின் சொந்த ஊர் திரும்பியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'மார்க்கரண்ணன்'.

அவரிடம் ஒரு தகரப்பெட்டி இருந்தது. உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் தோல் வில்லைகள். கியூவின் நுனியில் ஒட்டப்படும் 'டிப்' அதுதான். புதிய டிப் வேண்டுமென்று யாராவது கேட்டால் உடனே எடுத்துத் தரமாட்டார். ஐந்தாறு வில்லைகளை மேசையின் விளிம்புக் கட்டையில் ஒவ்வொன்றாகப் போட்டு ஒலியைக் கேட்பார். பிறகு கட்டைவிரல் நகத்தால் அழுத்துவார்.

"இது கல்லு தம்பி. உங்களுக்கு ஆகாது. கையில முரட்டுத்தனம் இருக்கு, மெதுவா உள்ளது போடுறேன்."

"மெதுவா இருந்தா பந்து நல்லா சுத்தும்னு சொல்றாங்களே அண்ணே?"

"அப்படித்தான் சொல்லுவாங்க" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

அந்த மௌனத்தில் ஒரு முழு இயற்பியல் பாடம் இருந்தது என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. அந்தத் தோல் வில்லைக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. அதில் பாதி பிரான்சில் நிகழ்ந்தது. மீதியில் ஒரு கணிசமான பங்கு நம் தமிழ்நாட்டில்.

*

பில்லியர்ட்ஸ் தொடக்கத்தில் கியூ கொண்டு ஆடப்பட்ட விளையாட்டு அல்ல. அகன்ற தலை கொண்ட, 'மேஸ்' எனப்பட்ட ஒரு கோலால் பந்தை முன்னே தள்ளினார்கள். பந்து மேசையின் விளிம்பை ஒட்டி நின்றுவிட்டால் அகன்ற தலை இடிக்கும். ஆகவே கோலைத் திருப்பிப் பிடித்து அதன் மெலிந்த வாலால் குத்தினார்கள். பிரெஞ்சில் வாலுக்குப் பெயர் 'கியூ'. காலப்போக்கில் தலை மறைந்துபோய் வால் மட்டும் நிலைத்தது.

ஆனால் அந்த வால் வெறும் மரம். மரம் பந்தின் மையத்தைத் தவிர வேறெங்கு பட்டாலும் வழுக்கிவிடும். கேரம் ஆடியவர்கள் ஸ்ட்ரைக்கரை நேராக அடித்துப் பழகியவர்கள். அவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியாது. பில்லியர்ட்ஸில் பந்து உருண்டை. மேலே அடித்தால் முன்னோக்கி ஓட வேண்டும், கீழே அடித்தால் பின்வாங்க வேண்டும், பக்கவாட்டில் அடித்தால் சுவரில் பட்டுக் கோணம் மாற வேண்டும். மர நுனியில் இவற்றில் எதையும் நம்பிச் செய்ய முடியவில்லை.

இதை மாற்றியவராக வரலாறு குறிப்பிடுவது பிரான்சுவா மிங்கோ என்ற பிரெஞ்சுப் படைத்தலைவரை. 1771இல் பிறந்து 1847இல் மறைந்தவர். அரசியல் காரணங்களுக்காகச் சிறைப்பட்டவர் என்றும், சிறையிலிருந்த பில்லியர்ட்ஸ் மேசையில் ஆடியபோது நுனியில் தோல் பொருத்தும் யோசனை பிறந்தது என்றும் சொல்வார்கள். ஆய்வை முடிப்பதற்காகத் தண்டனைக் காலத்தை நீட்டிக்கக் கோரினார் என்பது கதையின் உச்சம். நான் அதை நம்பவில்லை. ஆனால் பில்லியர்ட்ஸ் பைத்தியம் பிடித்த எவரும் நம்ப விரும்புகிற கதை. அந்தச் சிறை பாஸ்டில் என்றுகூடச் சிலர் எழுதியிருக்கிறார்கள். பாஸ்டில் 1789இல் தகர்க்கப்பட்டது. தோல் நுனிக்குச் சொல்லப்படும் ஆண்டோ 1807. ஐயத்துக்கு இடமில்லாதது 1827இல் பாரிசில் அவர் வெளியிட்ட நூல். வியப்பூட்டும் அடிகளை வரைபடங்களோடு தொகுத்த அந்நூலை இலண்டனின் மேசைத் தயாரிப்பாளர் ஜான் தர்ஸ்டன் சில ஆண்டுகளிலேயே ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். மரப்பலகைக்குப் பதிலாகக் கற்பலகையை மேசையில் பதித்த தர்ஸ்டன்தான் இவர்.

தோல் மட்டும் போதவில்லை. பந்து ஏறஏற அதுவும் மழமழப்பாகிவிடும். அதற்குச் சுண்ணப் பொடி வந்தது. பாத் நகரத்து மார்க்கர் ஜாக் கார் என்பவர் பந்தைச் சுழலச் செய்யும் மந்திரப்பொடி என்று சொல்லி வெறும் சாக்கை நல்ல விலைக்கு விற்றார் என்பது ஆங்கிலேயர்கள் ரசித்துச் சொல்லும் கதை. இன்று நாம் பயன்படுத்தும் நீலக் கட்டியில் சுண்ணம் அனேகமாக இல்லை. வில்லியம் ஸ்பிங்க்ஸ் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் வேதியியலாளர் ஹாஸ்கின்ஸுடன் சேர்ந்து 1897இல் காப்புரிமை பெற்ற கலவையின் வழிவந்தது அது. சிலிக்காவும் குருந்தமும் கலந்த ஓர் உராய்பொருள்.

இனி மார்க்கரண்ணனின் மௌனத்துக்கு வருகிறேன். நுனியும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெதுவான தோலில் சற்று கூடுதல், கடினமான தோலில் சற்று குறைவு. இந்தச் சிறு வேறுபாட்டிலிருந்துதான் "மெதுநுனி பந்தைப் பிடித்துச் சுழற்றும்" என்ற நம்பிக்கை உலகெங்கும் பிறந்தது. ஆனால் சுழற்சியைத் தீர்மானிப்பது மையத்திலிருந்து எவ்வளவு விலகி அடிக்கிறோம் என்பதே. ஆரத்தில் ஏறக்குறைய பாதி வரை விலகலாம். அதற்கு மேல் எந்தத் தோலும் வழுக்கும். மெதுவான நுனி சாக்கைத் தன்னுள் வாங்கி வைத்துக்கொள்கிறது. ஆகவே எல்லைக்கு அருகில் அடிக்கும்போது துணிச்சல் தருகிறது. கடின நுனி விசையை வீணாக்காமல் பந்துக்குக் கடத்துகிறது, தன் வடிவத்தை நீண்டநாள் காக்கிறது, ஆனால் அடிக்கடி சாக்கு கேட்கிறது. பந்தின் சுழற்சிக் கணக்கு பழையது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோரியோலி 1835இலேயே பில்லியர்ட்ஸுக்கென ஒரு தனிநூல் எழுதினார். புயல்களின் சுழற்சியை விளக்கும்போது பாடநூல்கள் சொல்லும் அதே கோரியோலி.

அப்படியானால் ஆட்டக்காரர் உணரும் வேறுபாடு கற்பனையா? அல்ல. உணர்வது கை. கடின நுனியின் 'டக்' என்ற ஒலியும் மணிக்கட்டில் ஏறும் அதிர்வும் வேறு. மெதுநுனியின் 'தொப்' வேறு. கை எதைக் கேட்கிறதோ அதற்கேற்ப அடுத்த அடியை அளக்கிறது. தவில் கலைஞர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வலக்கை விரல்களில் துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றி உலரவைத்த கூடுகளை அணிந்து வாசிப்பவர்கள் அவர்கள். கூடு இறுகினால் ஒரு நாதம், தளர்ந்தால் வேறு. டெல்டாக்காரனான எனக்கு டிப் பற்றிய விவாதம் புதுமையாகத் தெரியாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

*

ஸ்நூக்கர் இந்தியாவில் பிறந்த ஆட்டம். 1875இல் ஜபல்பூரின் இராணுவ உணவகத்தில், மழைக்காலத்துச் சலிப்பில், பழைய பந்தாட்டத்தோடு கூடுதல் நிறப்பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்தவர் நெவில் சேம்பர்லேன். பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லேன் அல்ல, இவர் வேறு. ஒரு பந்தைக் குழியில் தள்ளத் தவறிய தோழரை அவர் 'ஸ்நூக்கர்' என்று கேலி செய்தார். வுல்விச் இராணுவப் பள்ளியின் முதலாண்டு மாணவர்களைக் குறிக்கும் வசைச்சொல் அது. பிறகு அவர் மதராஸ் படையின் தளபதி பிரடரிக் ராபர்ட்ஸின் பணிக்குழுவில் சேர்ந்து கோடைதோறும் உதகைக்கு வந்தார். அந்த ஆட்டத்தின் விதிகள் ஒழுங்குபடுத்தப்பட்டு உதகை கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டப்பட்டது 1882 வாக்கில். வேறு சிலர் பிறப்புரிமை கோரியபோது சேம்பர்லேன் 1938இல் இலண்டன் இதழொன்றுக்குக் கடிதம் எழுதித் தன் தரப்பை நிலைநாட்டினார்.

ஆக, இந்த ஆட்டத்தைத் தோற்றுவித்தவர், அவர் ஆடிய படைப்பிரிவு, அவருடைய தளபதி என எல்லாம் நமக்குத் தெரியும். அந்த உதகை அறையில் கியூக்களின் நுனியைத் தேய்த்து, ஒட்டி, வட்டமாக்கி, ஆட்டக்கணக்கு எழுதி, எதிராளி கிடைக்காத துரைக்குத் துணையாக ஆடியும் கொடுத்த மார்க்கர்களின் பெயர் ஒன்றைக்கூட நான் படித்த எந்த வரலாற்றிலும் பார்த்ததில்லை.

தோலின் கதையும் இப்படித்தான். டிப்பின் கடினத்தைப் பெருமளவு முடிவு செய்வது எந்த மிருகம் என்பதைவிட எப்படிப் பதனிட்டார்கள், எவ்வளவு அழுத்தினார்கள் என்பதே. மரப்பட்டையில் ஊறிய தோல் பழுப்பாக, இறுக்கமாக வரும். குரோமிய உப்பில் பதனிட்ட தோல் நீலச் சாயலுடன் நெகிழ்ந்து வரும். எல்க் மாஸ்டர் என்ற பெயரில் உலகெங்கும் விற்கும் நீல மெதுநுனிக்கும் எல்க் மானுக்கும் தொடர்பில்லை. 'எல்க்' என்பது ஒருவகைப் பதனீட்டின் வணிகப் பெயர். அமெரிக்க ஆட்டக்காரர்கள் இதையே பாலில் ஊறவைத்துப் பட்டறைப் பிடியில் நசுக்கிக் கடினமாக்குவார்கள். மெதுவானதை வாங்கிக் கடினமாக்கும் இந்த வைத்தியத்தைக் கேட்டு மார்க்கரண்ணன் வெகுநேரம் சிரித்தார். பின்னர் ஜப்பானியர்கள் மெல்லிய பன்றித்தோல் ஏடுகளை அடுக்கி ஒட்டி, ஒரே கடினம் கொண்ட டிப்களைச் செய்து விலையைப் பன்மடங்கு உயர்த்தினார்கள்.

தமிழகத்தின் பழைய முறை ஆவாரம்பட்டையும் கடுக்காயும். இவற்றால் பதனிட்ட தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலண்டன் சந்தைக்குச் சென்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனீட்டைச் சோதித்தார். 1912இல் ஜி.ஏ. சேம்பர்ஸ் பல்லாவரத்தில் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால்தான் இன்றைய குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர். வாணியம்பாடியும் ஆம்பூரும் இராணிப்பேட்டையும் தோலால் செழித்தன. அந்தச் செழிப்பின் விலையைப் பாலாறு கொடுத்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. இந்தத் தோல்களில் எது எந்தக் கியூவின் நுனிக்குப் போயிற்று என்று சொல்ல வழியில்லை. ஆனால் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி முடி நீக்கியவர் யார் என்பதைச் சொல்ல முடியும். தோலைத் தொட்டதற்காக ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். அவர்கள் தொட்ட தோல் கிளப்புக்குள் போனது. அவர்கள் போக முடியாது. டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்வோரைப் பற்றி எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வந்தபோது, தஞ்சையில் வேர்கொண்ட தலித் கிறித்தவக் குடும்பங்களின் பெயர்கள் முதன்முறையாக ஒரு நூலின் நடுவே வந்து அமர்ந்தன. கியூவுக்கு அப்படியொரு நூல் இல்லை.

*

1958இல் கல்கத்தாவில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் வில்சன் ஜோன்ஸ் வென்றார். எந்த விளையாட்டிலும் தனிநபராக இந்தியா பெற்ற முதல் உலகப் பட்டம் அது. 1964இல் மீண்டும் வென்றார். மைக்கேல் பெரைரா, கீத் சேத்தி, பங்கஜ் அத்வானி என்று வரிசை நீண்டது. மார்க்கரண்ணன் இவர்களில் ஒருவர் ஆடியதை அருகிலிருந்து பார்த்ததாகச் சொல்வார். யாரென்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பெயர் வரும், நாங்கள் திருத்துவதில்லை.

நீங்கள் அந்தக் கிளப்பில் ஆடியதுண்டா என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆடாம எப்படி? துரைமாரு போனப்புறம் வந்தவங்களோடயும் ஆடியிருக்கேன். எனக்குன்னு ஒரு கியூ ஒளிச்சு வச்சிருந்தேன். பழைய டிப்பு, எவனோ கழட்டிப் போட்டது. தேஞ்சு தேஞ்சு கல்லு மாதிரி ஆகிப்போச்சு. ஆனா அதுலதான் எனக்கு வரும்."

"ஜெயிப்பீங்களா?"

"மெம்பர்கிட்டயா? நல்லாக் கேட்டீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, பிளேடால் ஒரு வில்லையின் பிதுங்கிய விளிம்பைச் சீவத் தொடங்கினார்.

அந்த மாடி ஏற்கெனவே மூடப்பட்டிருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் கூரையையும் எடுத்துக்கொண்டது. தென்னைகள் சாய்ந்து கிடந்த அந்த வாரத்தில் ஊருக்குப் போனவன் மாடி ஏறிப் பார்த்தேன். மேசையை முன்பே யாரோ விலைக்கு வாங்கிப் போயிருந்தார்கள். தரையில் அதன் கால்கள் பதிந்த தடங்களில் மழைநீர் நின்றிருந்தது. அவருடைய தகரப்பெட்டி என்னிடம் இருக்கிறது. சென்னைக்கு வரும்போது அவரே கொடுத்தனுப்பியது. பதினோரு டிப்கள். எது மெது, எது கல் என்று நகத்தால் அழுத்திப் பார்க்கிறேன். நான்கைத் தவிர மற்றவற்றை என்னால் இன்னும் பிரித்தறிய முடியவில்லை.