சாவியால் மூன்று தட்டு

1790இல் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் வந்த செய்தி. டெவன் பகுதியில் கல்லம்ப்டன் என்ற ஊர். வசதியான கிழவர் ஒருவர், விவசாயி, இறந்துபோனார். பெட்டியை வண்டியில் ஏற்றியாயிற்று. கூடப் போகிறவர்கள் குதிரைகளில் வரிசைகட்டி நின்றாயிற்று. அந்த நேரம் பார்த்து யாரோ, தேனீக்களைத் திருப்பச் சொல்லிக் குரல் கொடுத்தார். சவம் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது செத்தவரின் தேன்கூடைகளை இருந்த இடத்திலேயே திருப்பி வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். வேலைக்காரனுக்கு அது தெரியாது. கூடைகளைத் தூக்கிப் பக்கவாட்டில் படுக்கப் போட்டுவிட்டான். அப்புறம் கேட்கவா வேண்டும்? ஈக்கள் குதிரையையும் ஆளையும் சேர்த்து மொய்த்தன. தொப்பியும் பொய்முடியும் பறக்க ஓடினார்கள். ஈக்களும் விடாமல் துரத்தின. கிழவர் மட்டும் வண்டியில் தனியாகக் கிடந்தார். ஆட்களைத் திரும்பக் கூட்டிவந்து அடக்கம் முடிக்க வெகுநேரம் ஆயிற்றாம்.

மார்த்தாண்டம் பக்கம் தேன்பெட்டிகளுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். எனக்கு அந்த வேலைக்காரன் மேல்தான் இரக்கம். இப்படி ஒரு நாளில் ஈயிடம் என்ன செய்யவேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கூடையைத் திருப்புவது டெவன் பழக்கம். அதைவிடப் பரவலாக இருந்தது தேனீக்களுக்குச் சொல்லுவது. வீட்டுத் தலைவர் இறந்தால், விதவையோ மூத்த மகனோ வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கூடுகளுக்குப் போவார். ஒவ்வொரு கூட்டிலும் சாவியால் மூன்று தட்டு. எஜமான் போய்விட்டார், இனி இன்னார்தான் உங்களுக்கு என்று மெல்லிய குரலில் செய்தி சொல்லவேண்டும். பிறகு கூட்டில் கறுப்புத் துணி கட்டுவார்கள். துக்கவீட்டுப் பலகாரத்தில் ஒரு துண்டும் கொஞ்சம் ஒயினும் வைப்பதும் உண்டு. சொல்லாமல் விட்டால் ஈ செத்துப்போகும், இல்லாவிட்டால் கூட்டத்தோடு கிளம்பிவிடும் என்று பயம். கல்யாணம் நடந்தாலும் சொல்லவேண்டும், அதற்கு கேக். ஜெர்மனியிலும் பிரான்சிலும் இதே வழக்கம் இருந்தது. குடியேறியவர்களோடு கடல் தாண்டி அமெரிக்காவுக்கும் போனது. 1858இல் விட்டியர் என்ற அமெரிக்கக் கவிஞர் இதை வைத்து ஒரு கவிதையே எழுதினார்.

லித்துவேனியர்கள் ஒரு படி மேலே. மற்ற பிராணிகள் சாவதற்கு அவர்கள் மொழியில் ஒரு சொல், மனிதர் சாவதற்கு வேறு சொல். தேனீ செத்தால் மனிதருக்கான சொல்தான். நண்பனைக் குறிக்கும் ‘பிச்சூலிஸ்’ என்ற சொல்லே ‘பிதே’, அதாவது தேனீ, என்பதிலிருந்து பிறந்தது. ஒரே வழித் தேனீக்களைப் பங்குபோட்டு வளர்ப்பவர்கள் கிட்டத்தட்ட சொந்தக்காரர்கள்.

இவ்வளவு மரியாதை கொடுத்தவர்கள் தேன் எடுத்த விதத்தையும் சொல்லவேண்டும். அன்று பெட்டி கிடையாது. வைக்கோலைப் பிரியாக முறுக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்த கூடை, கவிழ்த்து வைத்திருக்கும். அடை உள்ளே ஒட்டியிருப்பதால் வெட்டாமல் எடுக்க வழியில்லை. கோடை முடிவில் ஒவ்வொரு கூடையாகத் தூக்கிக் கனம் பார்ப்பார்கள். நல்ல கனமானதில் தேன் நிறைய. ரொம்ப லேசானது குளிர்காலம் தாங்காது. இரண்டுக்கும் சாவுதான். அந்தியில் குழி தோண்டி, கந்தகம் தோய்த்த துணியைக் கொளுத்தி, மேலே கூடையை வைத்துவிடுவார்கள். சற்று நேரத்தில் உள்ளே இரைச்சல் அடங்கிவிடும். நடுத்தரக் கூடைகள் மட்டும் அடுத்த வசந்தத்துக்கு. எஜமான் செத்தால் ஈக்குத் துக்கம் சொன்ன அதே கைதான் இதையும் செய்தது. அவர்களுக்கு இதில் முரண் எதுவும் தெரிந்திருக்காது. வருஷமெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆட்டைக் கொடைக்கு வெட்டுகிற ஊர்க்காரன் எனக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

அந்தக் கந்தகக் குழிக்கு வேலை இல்லாமல் செய்தது ஒரு இடைவெளி. ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த இடம் விட்டால் தேனீ அதை மெழுகு வைத்து அடைக்காது. அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் இதை வைத்துச் சட்டங்களைக் கழற்றி மாட்டும் பெட்டி செய்து, 1852இல் காப்புரிமை வாங்கினார். நம் நாட்டு ஈ உருவில் சிறியது. அதற்கு ஏற்ற சின்னப் பெட்டியைத் திருச்சியில் நியூட்டன் என்ற இன்னொரு பாதிரியார் 1910களில் வடிவமைத்தார். அப்பா வைத்திருந்த எட்டும் நியூட்டன் பெட்டிதான்.

அப்பா ஆவணியில் போனார். எங்கள் பக்கம் ரப்பர் தளிர்க்கும் தை, மாசியில்தான் தேன். ஆவணி பஞ்சகாலம், சிரட்டையில் சீனிப்பாகு ஊற்றி, ஈ முங்காமல் நிற்க ஒரு குச்சியும் போட்டு வைக்கவேண்டும். துக்கவீட்டில் யாருக்கு ஞாபகம்? பதினாறு முடிந்துதான் பின்பக்கம் போனேன். பெட்டிக்கால் நிற்கும் தண்ணீர்க் கிண்ணங்களில் பலாயிலை விழுந்து எறும்புக்குப் பாலமாகியிருந்தது. ஐந்து பெட்டி காலி. ஒன்றில் சட்டத்துக்குச் சட்டம் மெழுகுப்புழு வலை கட்டியிருந்தது. இரண்டில் மட்டும் ஈ.

இங்கிலாந்துக்காரன் சொன்னது சரி என்று அன்றைக்குப் பட்டது. எஜமான் செத்த வீட்டில் ஈயும் சாகும். சோகத்தால் அல்ல, பட்டினியால். சாவியோடு ஒரு ஆளை முதல் நாளே கூட்டுக்கு அனுப்பிவிட்டால், அவன் கண்ணில் எறும்பு பட்டுவிடும், கூடையின் கனமும் கைக்குத் தெரிந்துவிடும். இனி யார் பொறுப்பு என்பதை ஈயிடம் சொல்லும் சாக்கில் அவன் தனக்கே சொல்லிக்கொள்கிறான்.

2022 செப்டம்பரில் எலிசபெத் ராணி இறந்தபோது, அரண்மனையின் தேனீக்காரர் ஜான் சேப்பல் பக்கிங்ஹாம் தோட்டத்துக் கூடுகளில் கறுப்பு நாடா கட்டி, தட்டிச் செய்தி சொன்னார். புது எஜமான் நல்லவர், போய்விடாதீர்கள் என்றாராம். அவருக்கு அப்போது வயது எண்பதை நெருங்கியிருந்தது. பேப்பரில் படித்ததும் ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் முழுக்கதையையும் சொன்னேன். சாவி, நாடா எல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

“அது கெடக்கட்டு மக்ளே. அந்த ஆளு செரட்டையில பாகு ஊத்தினானா?”