கட்டுமரமும் கேட்டமரானும்

இங்கிலீஷ்காரர்கிட்டயோ போலந்துக்காரர்கிட்டயோ 'கேட்டமரான்'னு சொல்லிப் பாருங்க. அவர் மனசுல வர்றது ரெண்டு ஒல்லிப் படகுகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சு, மேல தளம் போட்டு இணைச்ச கப்பல். அதே வார்த்தையைக் காசிமேட்டுல ஒரு பெரியவர்கிட்ட சொன்னா? அவருக்குத் தெரிஞ்சது கட்டுமரம். கட்டின மரம், அவ்வளவுதான். நாலஞ்சு கட்டைகளைக் கயித்தால இறுக்கிக் கட்டுவாங்க. தண்ணி உள்ள வரும், இடுக்கு வழியா அதுவே வெளிய போயிடும், அதனால மூழ்காது. கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயவச்சிடுவாங்க, இல்லேன்னா மரம் ஊறி கனத்துடும். இதுல ரெண்டு படகு எங்க இருக்கு?

இந்த வார்த்தை கப்பலேறினது நம்ம சோழமண்டலக் கரையிலிருந்து. வில்லியம் டாம்பியர்ங்கற ஆங்கிலேய மாலுமி 1697ல் வெளியிட்ட பயணப் புத்தகத்துல இந்தப் பேரைச் சரியா இங்கத்த மரங்களுக்குத்தான் சொல்றார். அந்தக் காலத்து மெட்ராஸ்ல துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்துல நிக்கும். நடுவுல ஆளை முழுங்கற அலை. கடுதாசியைத் தண்ணி புகாத தொப்பிக்குள்ள செருகிக்கிட்டு, அந்த அலையைத் தாண்டிப் போய்க் கொடுத்தது கட்டுமரக்காரங்கதான். வெள்ளைக்காரனுக்குப் பேர் மறக்குமா!

ஆனா அர்த்தத்தை விட்டுட்டான். முதல்ல எந்த ஊர் மிதவையைப் பார்த்தாலும் கேட்டமரான். 1804ல் பிரெஞ்சுக்காரங்களோட பூலோன் துறைமுகத்துல விட்ட வெடிமருந்து மிதவைக்கும் அதே பேர். பத்தொன்பதாம் நூற்றாண்டுல சண்டைக்காரப் பொம்பளையையும் அப்படித் திட்டியிருக்காங்க. (பேர்ல பூனை இருக்கறதாலயோ என்னவோ!)

மெட்ராஸ் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினது 1875 டிசம்பர்ல. அடுத்த வருஷமே அமெரிக்காவுல நத்தேனியல் ஹெரஷாஃப் தன்னோட 'அமரில்லிஸ்'ங்கற இரட்டைப் படகால நியூயார்க் பந்தயத்துல எல்லாரையும் முந்தினார். தோத்தவங்க ஆட்சேபம் பண்ணி அதைத் தள்ளுபடி பண்ண வச்சாங்க. அந்த மாதிரிப் படகுக்குத்தான் நம்ம பேர் நிலைச்சது. இரட்டைப் படகு நுட்பத்துல கில்லாடிங்க பசிபிக் தீவுக்காரங்க. பேர் நம்முது, உருவம் அவங்களுது.

இங்க என்ன ஆச்சு? ஃபைபர் படகு வந்து கட்டுமரத்தை ஓரங்கட்ட ஆரம்பிச்சது. 2004 சுனாமிக்கப்புறம் நிவாரணமா வந்து குவிஞ்சதும் ஃபைபர்தான். ராயபுரம் பக்கம் இப்போ ஃபைபர் போட்டும் விசைப்படகும்தான் கண்ணுல படுது. இதுக்கு நடுவுல தமிழ்லயே 'கேட்டமரான் படகு'ன்னு எழுதறாங்க பாருங்க, அதைப் படிச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது.