கண்ணுக்குள் ஒரு வில்லை

மூக்குக் கண்ணாடி அணிந்தவரைக் கண்டு நாம் வியப்பதில்லை. அக்கண்ணாடியை மூக்கின்மேல் அமர்த்தாமல் விழிக்குள்ளேயே பொருத்திவிட்டால் என்ன? ஒரு மருத்துவருக்கு இந்த எண்ணம் எவ்வாறு உதித்தது, அதற்காக அவர் பட்ட பாடு யாது என்பதே இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்ட வரலாறு.

நம் கண்ணின் பாவைக்குப் பின்னே, இருபுறமும் குவிந்து, பளிங்கு போல ஒளி ஊடுருவும் வில்லையொன்று உண்டு. முதுமையில் அது பால் கலந்த நீர் போல மங்குவதையே கண்புரை என்கிறோம். மங்கிய வில்லையை ஊசியால் ஒதுக்கித் தள்ளும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகிறது. தஞ்சை இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் நடந்த கண் சிகிச்சைகளின் குறிப்புகள், நோயுற்ற கண்களின் வண்ண ஓவியங்களோடு சரசுவதி மகாலில் இன்றும் உள்ளன; தஞ்சைக்குச் செல்லும் மாணவர்கள் அவற்றைப் பற்றிக் கேட்டறிதல் நன்று. புரையை ஒதுக்காமல் வெளியே எடுத்துவிடும் முறையைப் பிரெஞ்சு மருத்துவர் ழாக் தாவியேல் 1747-இல் தொடங்கிவைத்தார்.

புரை போயிற்று; ஆனால் அதனோடு வில்லையும் போயிற்றே! அந்தக் குறையை ஈடு செய்யப் பத்துப் பன்னிரண்டு டயாப்டர் வலிமையுள்ள, சோடாப் புட்டியின் அடிப்பாகம் போன்ற கண்ணாடி அணிய வேண்டியிருந்தது. அதன் வழியே பார்த்தால் பொருள்கள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், நேர்க்கோடுகள் வளையும், பக்கத்தில் வருவோர் திடீரென்று முளைத்தாற்போல் தோன்றுவர். ஒரு கண்ணில் மட்டும் ரணசிகிச்சை நடந்திருந்தாலோ, இரு கண்களும் காட்டும் உருவங்கள் அளவில் ஒவ்வாமல் காட்சியே குழம்பும். நம் ஊர்த் திண்ணைகளில் அத்தகைய கண்ணாடியோடு அமர்ந்திருந்த பாட்டனார்களைப் பெரியவர்கள் நினைவுகூர்வார்கள்.

இனி, 1940 ஆகஸ்டு 15. இங்கிலாந்தின் வானில் போர் நடந்துகொண்டிருந்தது. கார்டன் கிளீவர் என்னும் விமானி செலுத்திய ஹரிக்கேன் விமானத்தின் மேல்மூடியைக் குண்டுகள் சிதறடித்தன. பெர்ஸ்பெக்ஸ் என்னும் செயற்கைப் பொருளால் ஆனது அம்மூடி. அதன் சிம்புகள் அவருடைய இரு கண்களிலும் பாய்ந்தன. குடைமிதவையின் உதவியால் உயிர் பிழைத்தார். வலக்கண் பார்வை போயிற்று. இடக்கண்ணும் பெரிதும் சேதமுற்றது. அவருக்கும் அவரைப் போன்ற வேறு விமானிகளுக்கும் சிகிச்சை செய்தோருள் ஹெரால்டு ரிட்லி ஒருவர். கண்ணில் அயற்பொருள் புகுந்தால் அழற்சி உண்டாகும் என்பது மருத்துவத்தின் பாலபாடம். ஆயின் பெர்ஸ்பெக்ஸ் சிம்புகளோ, கூர்முனை மெல்லிய தசைகளை உறுத்தினாலன்றி, ஆண்டுக்கணக்கில் கண்ணுக்குள் சாதுவாகக் கிடந்தன. அதை ரிட்லி மனத்தில் குறித்துவைத்தார்.

அக்குறிப்புக்கு உயிர் கொடுத்தவர் ஒரு மருத்துவ மாணவர் என்பது உங்களுக்கு மகிழ்ச்சியூட்டும். ஸ்டீவன் பெரி என்பது அவர் பெயர். இலண்டனில் ரிட்லி கண்புரை எடுப்பதை அருகிலிருந்து பார்த்த அவர், எடுத்த வில்லைக்கு மாற்றாக வேறொன்றை வைக்கவில்லையே என்றாராம். தேர்ந்த மருத்துவர்கள் பலரும் கேளாத கேள்வி அது. வழக்கம் கண்ணை மறைக்காதவர்களுக்கே இத்தகைய கேள்விகள் தோன்றுகின்றன போலும்.

ரிட்லி, ரெய்னர் என்னும் கண்ணாடி நிறுவனத்தாரை அணுகினார். தூய்மைப்படுத்திய பெர்ஸ்பெக்ஸில், ஆதாயம் கருதாமல், அவர்கள் ஒரு வில்லையைக் கடைந்து தந்தனர். 1949 நவம்பர் 29 அன்று, இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் 45 வயதுப் பெண்மணி ஒருவருக்குச் சிகிச்சை தொடங்கியது. இரு கட்டங்களாக நடந்த அம்முயற்சியில், 1950 பிப்ரவரி 8 அன்று வில்லை நிலையாகப் பொருத்தப்பட்டது.

விளைவு என்ன? வில்லை கண்ணில் தங்கியது. ஆனால் அந்த அம்மையாருக்குச் சுமார் 18 டயாப்டர் கிட்டப்பார்வை ஏற்பட்டது! காரணம் எளியது. இயற்கை வில்லையின் வளைவுகளை அளவாகக் கொண்டு செயற்கை வில்லையைச் செய்திருந்தனர். பெர்ஸ்பெக்ஸோ இயற்கை வில்லையைவிட ஒளியை மிகுதியாக வளைக்கும் பொருள். பௌதிகம் படிக்கும் மாணவர்கள், ஒளிவிலகல் எண் என்று நாம் மனப்பாடம் செய்யும் எண்ணின் உண்மைப் பொருளை இங்கே காணலாம். பின்வந்த வில்லைகளில் இக்கணக்கு திருத்தப்பட்டது. கண்ணின் நீளத்தை ஒலியலையால் அளந்து ஒவ்வொருவருக்கும் உரிய வலிமையைக் கணிக்கும் வழி பிற்காலத்தில் வந்தது.

இவை யாவும் மறைவாகவே நடந்தன. நோயாளி ஒருவர் தவறுதலாக ரிட்லி என்னும் அதே பெயருடைய வேறொரு கண் மருத்துவரிடம் சென்றுவிட, செய்தி வெளிப்பட்டதென்பர். 1951 ஜூலையில் ஆக்ஸ்போர்டில் கூடிய கண் மருத்துவர் பேரவையில் ரிட்லி தம் பணியை விளக்கினார். நோயாளிகளையும் உடன் அழைத்துச் சென்றிருந்தார். அக்காலக் கண் மருத்துவத்தின் முடிசூடா மன்னராக விளங்கிய சர் ஸ்டூவர்ட் டியூக்-எல்டர், அவர்களைப் பரிசோதிக்கவே மறுத்தார். கண்ணிலிருந்து அயற்பொருளை அகற்றுவது மருத்துவர் கடமையாயிருக்க, இவர் அயற்பொருளைப் புகுத்துகிறாரே என்று பலரும் கடிந்தனர். அவர்கள் கூற்றை வெறும் பொறாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ரிட்லியின் வில்லைகள் கனமானவை. சில இடம் பெயர்ந்து கண்ணின் பின்பக்கம் விழுந்தன. சிலவற்றை எடுத்துவிடவும் நேர்ந்தது. எனினும் நோயாளியைக் காணவே மறுப்பது வேறு. கண்டு, குறை கூறுவது வேறு.

வில்லையின் எடையும் வடிவும் சீர்பெற, முப்பதாண்டுகள் கழிந்தன. 1981-இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வில்லைகளுக்கு இசைவளித்தது. அப்போதும் நம் நாட்டு ஏழைக்கு அது எட்டாக்கனியே. இறக்குமதியான வில்லையொன்று நூறு டாலரை ஒட்டி விற்றது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின் 1976-இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். மூட்டுவாதத்தால் முறுக்கிய விரல்களைக் கொண்டே நுண்ணிய அறுவை செய்தவர். அந்நிறுவனத்தின் சார்பில் 1992-இல் ஆரோலாப் தோன்றி, மதுரையிலேயே வில்லைகளைச் செய்து ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு விலைக்குத் தந்தது. ரிட்லிக்கு 2000-இல் சர் பட்டம் கிடைத்தது, 2001-இல் காலமானார். தம் முதுமையில், அதே புனித தாமஸ் மருத்துவமனையில், தம் கண்களிலும் வில்லை பொருத்திக்கொண்டார். விமானி கிளீவரின் எஞ்சிய கண்ணில் புரை படர்ந்தபோது, அவருக்கும் வில்லையே கைகொடுத்தது.

புரையே இல்லாத கண்ணில், கிட்டப்பார்வையைப் போக்குவதற்காக மட்டும் வில்லை வைக்கலாமா? இத்தாலியில் ஸ்டிராம்பெல்லி 1953-இல் வைத்துப் பார்த்தார். ஸ்பெயினில் பாராக்கெரும் முயன்றார். அவ்வில்லைகளில் பெரும்பாலானவற்றைப் பின்னர் அகற்ற வேண்டியதாயிற்று. கருவிழியின் உட்புறத்தை மூடியுள்ள உயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அவற்றை அவ்வில்லைகள் கெடுத்தன. 1986-இல் மாஸ்கோவில் ஃபியோதரவ், வில்லையைப் பாவைக்குப் பின்னே, இயற்கை வில்லைக்கு முன்னே வைக்கும் வழியைத் தேடினார். அவ்வழியில் வளர்ந்த மெல்லிய, மடிக்கக்கூடிய ஐ.சி.எல். வில்லைக்கு அமெரிக்கா 2005-இல் இசைவளித்தது.

இயற்கை வில்லை இடத்திலேயே இருப்பதால் கிட்டத்தில் உள்ளதைப் படிக்கும் ஆற்றல் குறைவதில்லை. வேண்டாமெனில் செயற்கை வில்லையை எடுத்துவிடவும் கூடும். ஆயினும் கண்ணின் முன்னறையில் போதிய ஆழம் வேண்டும். கண்ணின் வலிமை மாறாது நிலைத்திருக்க வேண்டும். ஆகவே அமெரிக்க இசைவு 21 வயது நிறைந்தோர்க்கே அளிக்கப்பட்டது. மற்றொன்றும் உண்டு. கிட்டப்பார்வைக்கு மிகுதியான காரணம் விழிக்கோளம் நீண்டுபோதல். வில்லை பொருத்துவதால் அந்த நீளம் குறைவதில்லை; நீண்ட கண்ணின் விழித்திரை மெலிந்து கிழியக்கூடிய ஆபத்தும் அப்படியே இருக்கிறது. ஆகவே, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்ட பின்னரும், அத்தகையோர் விழித்திரையைக் காட்டிக்கொள்ள மருத்துவரிடம் தவறாது செல்ல வேண்டியவரே.