யாரு ஜெயிப்பா? - ஆமூர் மல்லன் முதல் யு.எஃப்.சி. வரை

போன பதிவு உப்பளங்களைப் பற்றி. இந்த முறை சண்டை. நானே போடற சண்டை இல்லை, பயப்படாதீங்க :-) அடுத்தவங்க போடற சண்டையில யாரு ஜெயிப்பான்னு முன்கூட்டியே சொல்ற பழக்கத்தைப் பற்றி.

முதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம். 2023 அக்டோபர் 21-ந் தேதி அபுதாபியில் யு.எஃப்.சி. 294 நடந்தது. எம்.எம்.ஏ. என்கிற கலப்புச் சண்டையை நடத்துகிற உலகின் பெரிய நிறுவனம் யு.எஃப்.சி. அன்று நம்ம நாட்டு அன்ஷுல் ஜூப்ளி, அமெரிக்காவின் மைக் பிரீடனோடு மோதினார். ஜூப்ளி அதுவரை ஒரு சண்டையிலும் தோற்காதவர். பிரீடனோ யு.எஃப்.சி.யில் அதுவரை ஒரு சண்டையிலும் ஜெயிக்காதவர். போதாக்குறைக்கு சண்டைக்கு முந்தின நாள் எடைக் கணக்கிலும் தவறியிருந்தார். நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு உயரம், கை நீளம், பழைய முடிவுகள் எல்லாம் எழுதி வைத்துக்கொண்டு, "ஜூப்ளிதான். கண்ண மூடிக்கிட்டு சொல்லலாம்" என்று சொன்னேன்.

கேட்டவன் என் சித்தி பையன். அவன் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு, ஃபீஸ் கட்ட வைத்திருந்த 3000 ரூபாயை போனில் ஏதோ ஒரு பந்தய ஆப்பில் கட்டிவிட்டான். மூன்றாவது ரவுண்டில் ஜூப்ளி குத்து வாங்கி விழுந்தார். சித்தி பையன் எனக்கு போன் செய்து திட்டவில்லை. "சரி விடுடா" என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அன்றிலிருந்து ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் சொன்ன கணிப்பு தப்பா? இல்லை நான் சொன்ன விதம் தப்பா? அதற்கு விடை தேடிப் போனபோது கிடைத்த வரலாறுதான் இந்தக் கட்டுரை.

உறையூர்க்காரனும் ஆமூர்க்காரனும்

சண்டைக்கணிப்பு டி.வி. வந்த பிறகு வந்த பழக்கம் என்று நினைத்திருந்தேன். புறநானூற்றைப் புரட்டியபோது வாயடைத்துப் போனேன்.

போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்று ஒரு சோழ இளவரசன். உறையூரை ஆண்ட தித்தனின் மகன். அப்பாவோடு மனஸ்தாபம். அவன் முக்காவல் நாட்டு ஆமூருக்குப் போய் அங்கிருந்த மல்லன் ஒருவனோடு மற்போர் செய்து அவனை வீழ்த்தினான். இதைச் சாத்தந்தையார் என்ற புலவர் 80 முதல் 82 வரை மூன்று பாட்டுகளில் பாடியிருக்கிறார். 80-வது பாட்டைப் படித்தால் சண்டை வர்ணனை கேட்பது மாதிரியே இருக்கும். ஒரு கால் எதிராளியின் மார்பில் அழுந்துகிறது. இன்னொரு கால் அவன் உபாயத்தைத் தடுத்து முதுகுப் பக்கம் வளைகிறது. இன்றைக்கு எம்.எம்.ஏ. வர்ணனையாளர் சொல்கிற அதே விஷயம்! 82-வது பாட்டில் சண்டையின் வேகத்துக்கு உவமை, அவசரமாகக் கட்டில் பின்னுகிற ஒரு தொழிலாளியின் கை ஊசி. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி, வெளியே மழை, பொழுதும் சாய்கிறது. அந்த ஆளின் ஊசி எவ்வளவு வேகமாகப் போகும், யோசித்துப் பாருங்கள்.

ஆனால் நம் விஷயத்துக்கு முக்கியமானவர் நக்கண்ணையார். பெருங்கோழி நாய்கன் என்பவரின் மகள். 83, 84, 85 மூன்றும் அவர் பாட்டுகள். கிள்ளி மேல் அவருக்குக் காதல். 84-ல் அவன் கூழ் குடித்தும் பெரிய தோள் உடையவன் என்கிறார். அதாவது நல்ல சாப்பாடு இல்லாத ஆள்தான், ஆனாலும் குறைத்து எடை போடாதே என்று. 85-ல் வருவதுதான் நம்ம சமாச்சாரம். இது அவனுடைய ஊரும் இல்லை, நாடும் இல்லை. அதனால் கூட்டத்தில் ஒரு சாரார் "வெற்றி அவனுக்கே" என்கிறார்கள், இன்னொரு சாரார் "இல்லை" என்கிறார்கள் (பழந்தமிழில் "ஆடு" என்றால் வெற்றி என்று ஒரு பொருள் உண்டு). வெளியூர் மைதானம் என்கிற காரணத்தைக்கூட அன்றைக்கே கணக்கில் எடுத்திருக்கிறார்கள்! நக்கண்ணையார் இரண்டு பக்கத்தையும் மறுக்கவில்லை, இரண்டும் நல்ல பேச்சுதான் என்கிறார். பிறகு சிலம்பு ஒலிக்க ஓடி, வீட்டுப் பனைமரத்தில் சாய்ந்து நின்று, அவன் ஜெயித்ததைக் கண்ணால் பார்க்கிறார்.

இந்தப் பனைமரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்பி வருவோம்.

நாள் பார்த்துச் சொன்னவர்கள்

காரைக்கால்காரனுக்குக் கணிப்பைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருநள்ளாறு பக்கத்திலேயே இருக்கிறது. சனிப்பெயர்ச்சி வந்தால் ஊரே கொள்ளாது. வெற்றி தோல்வியைச் சொல்லவும் நம்மவர்கள் தனியாக முறைகள் வைத்திருந்தார்கள். போருக்குப் புறப்படும் முன் யாரோ எதேச்சையாகப் பேசும் சொல்லைக் கேட்டு நல்லதா கெட்டதா என்று பார்ப்பது விரிச்சி. முல்லைப்பாட்டிலும் இது வருகிறது. பிறகு பஞ்சபட்சி சாஸ்திரம். வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என ஐந்து பட்சிகள். ஊண், நடை, அரசு, துயில், சாவு என ஐந்து தொழில்கள். என் பட்சி அரசில் இருக்கும் நேரத்தில் உன் பட்சி துயிலில் இருந்தால் மோதலாம், ஜெயிக்கலாம் என்று கணக்கு.

சிரிக்காதீங்க. இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. ஆளை மட்டும் பார்க்காதே, அந்த நேரத்தில் அவன் எந்த நிலையில் இருக்கிறான் என்றும் பார் என்பது இதன் அடிப்படை. நிலையைக் கண்டுபிடிக்க பறவையைப் பார்த்தது தப்பு. நிலை முக்கியம் என்று நினைத்தது தப்பில்லை.

காமா: இரண்டரை மணி நேரமும் ஒரு நிமிஷமும்

1910-ல் லண்டனுக்குப் போன மல்யுத்த வீரர் காமா. செப்டம்பர் 10 அன்று போலந்தின் ஸ்தானிஸ்லாஸ் ஜிபிஸ்கோவோடு மோதினார். காமாவைவிடக் கனமான ஆள். அவர் செய்த வேலை என்ன தெரியுமா? பெரும்பாலான நேரம் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு கிடந்தார். சுமார் இரண்டரை மணி நேரம் காமா புரட்டிப் பார்த்தும் முடியவில்லை. டிரா. ஒரு வாரம் கழித்து மறுபடி மோதல் என்று அறிவித்தார்கள். ஜிபிஸ்கோ வரவே இல்லை. பட்டம் காமாவுக்கு.

காகிதத்தில் "டிரா" என்று மட்டும் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? இருவரும் சமம். அதுவும் ஜிபிஸ்கோ பின்னால் 1921-ல் எட் லூயிஸை வென்று உலகப் பட்டமும் வாங்கியவர். 1928 ஜனவரியில் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி மோதினார்கள். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஐம்பது வயது. இந்த முறை நம்மூர் மண் களம், நம்மூர் விதி. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ஜிபிஸ்கோ மல்லாந்துவிட்டார்.

இதிலிருந்து நான் கற்றது: முடிவை மட்டும் பார்க்காதே, முடிவு எப்படி வந்தது என்று பார். எந்த விதியில், எந்தத் தரையில் என்றும் பார்.

அலியின் வாய்

சண்டைக்கணிப்பையே ஒரு கலையாக்கியவர் முகமது அலி. எந்த ரவுண்டில் எதிராளி விழுவான் என்று எதுகை மோனையோடு முன்கூட்டியே சொல்வார். 1962-ல் ஆர்ச்சி மூர் நான்காவது ரவுண்டில் என்றார், நடந்தது. 1963-ல் ஹென்றி கூப்பர் ஐந்தாவதில் என்றார், அதுவும் நடந்தது. அதே 1963-ல் டக் ஜோன்ஸ் விஷயத்தில் சொன்னது பலிக்கவில்லை, பத்து ரவுண்டும் போய் நடுவர் தீர்ப்பில்தான் ஜெயித்தார். பலித்ததை உலகம் இன்றும் சொல்லும். பலிக்காததை யார் சொல்கிறார்கள்? ஜோசியத்துக்கும் இதே கதைதான் :-)

1964-ல் சோனி லிஸ்டனோடு மோதியபோது பந்தயக் கணக்கு 7-க்கு 1 அலிக்கு எதிராக. லிஸ்டன் ஏழாவது ரவுண்டுக்கு எழுந்து வரவில்லை.

1976 ஜூன் 26-ல் டோக்கியோவில் அலி, ஜப்பான் மல்யுத்த வீரர் அந்தோனியோ இனோகியோடு மோதினார். குத்துச்சண்டையா மல்யுத்தமா எது பெரிசு என்று உலகமே அடித்துக்கொண்டது. இனோகி மல்லாந்து படுத்துக்கொண்டு அலியின் காலையே உதைத்துக்கொண்டிருந்தார். 15 ரவுண்டும் போய் டிரா! எந்தக் கணிப்பும் பலிக்கவில்லை. அதே வருஷம் டிசம்பரில் இனோகி கராச்சியில் அக்ரம் பயில்வானின் கையை முறுக்கி ஜெயித்தார். அக்ரம் யார் தெரியுமா? நம்ம காமாவின் தம்பி மகன்.

1980-ல் அலி மெட்ராஸுக்கே வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். எம்.ஜி.ஆர். வந்திருந்தார். வடசென்னையில் குத்துச்சண்டை மேல் எவ்வளவு பித்து, சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பிரித்து எப்படி மோதினார்கள் என்று 2021-ல் வந்த "சார்பட்டா பரம்பரை" படம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சுமோக்காரரும் பிரெஞ்சு உதையும்

1993 நவம்பர் 12, அமெரிக்காவின் டென்வர் நகரம். முதல் யு.எஃப்.சி. எட்டு பேர், எட்டு விதமான பின்னணி, எடைப்பிரிவு கிடையாது. ஒளிபரப்பான முதல் சண்டையில் சுமோ வீரர் டெய்லா டூலி. ஏறக்குறைய 190 கிலோ! எதிரில் நெதர்லாந்தின் ஜெரார்ட் கார்டோ. அவர் கற்றது சவாத், அதாவது பிரெஞ்சு உதைச்சண்டை. 1954 வரை பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர்க்காரன் நான், கொஞ்சம் பாசம் வரத்தான் செய்தது. 26 விநாடி. தலையில் ஓர் உதை, பல் பறந்தது.

கடைசியில் பட்டம் வாங்கியவர் அங்கிருந்தவர்களில் ஒல்லியான பிரேசில்காரர் ராய்ஸ் கிரேசி. 80 கிலோதான். ஒருவரையும் பெரிதாக அடிக்கவில்லை. கீழே தள்ளினார், கழுத்தைப் பிடித்தார், எதிராளி தரையைத் தட்டினான். தரையில் கிடந்து போடும் சண்டையைத் தெரிந்த ஆள்கள் அங்கே குறைவு. தெரியாத விஷயத்துக்கு நோட்டில் கட்டமே இருக்காது. ஆயிரத்தெட்டு கட்டம் போட்டும் என் நோட்டு தோற்பது அங்கேதான்.

புயலும் சதவீதமும்

சரி, என் தப்புக்கு வருகிறேன்.

நம்ம கடற்கரைக்காரர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. அதற்கு முந்தின நாள்களில் வானிலை அறிக்கை ஒரே ஊரைச் சுட்டிக்காட்டவில்லை, ஒரு நீளமான கரையைத்தான் சொன்னது. நாமும் "எங்க ஊர்ல விழலையே, பொய் சொல்லிட்டான்" என்று சொல்வதில்லை. படகை ஏற்றிக் கட்டுவோம், மெழுகுவர்த்தி வாங்கி வைப்போம். வராவிட்டால் நிம்மதி, அவ்வளவுதான்.

சண்டைக்கணிப்பும் அப்படித்தான் இருக்க வேண்டும். பந்தயக் கடையில் ஒருவருக்கு 1.25 என்று விலை போட்டால், 1-ஐ 1.25-ஆல் வகுங்கள். 80 சதவீதம். அதாவது இந்த மாதிரி ஐந்து சண்டை நடந்தால் ஒன்றில் அவர் தோற்பார். எதிராளிக்கு 4 என்று விலை இருந்தால் 25 சதவீதம். கூட்டினால் 105 வருகிறதா? அந்த மிச்சம் 5-தான் கடைக்காரனின் லாபம். யார் ஜெயித்தாலும் அவனுக்கு நஷ்டம் வராத மாதிரிதான் விலை போடுவான். இந்தக் கணக்கு எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் சித்தி பையனிடம் "ஐந்தில் நான்கு" என்று சொல்லவில்லை. "கண்ண மூடிக்கிட்டு" என்று சொன்னேன். கணிப்பு தப்பில்லை. சொன்ன வார்த்தை தப்பு. அந்த ஐந்தில் ஒன்று யாருடைய ஃபீஸில் வந்து விழும் என்று நான் யோசிக்கவே இல்லை.

2025 ஆகஸ்டில் பணம் கட்டி விளையாடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்க மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் "நிச்சயம்" என்று வாய்கூசாமல் சொல்கிற என்னை மாதிரி ஆட்களைத் தடுக்க எந்தச் சட்டமும் கிடையாது.

இப்போதும் நான் கணிக்கிறேன், விடவில்லை. 2024 ஜூன் 8-ல் உத்தரப்பிரதேசத்துப் பூஜா தோமர், ரேயான் டோஸ் சாண்டோஸை வென்று யு.எஃப்.சி.யில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் ஆனார். மூன்று நடுவர்களில் இரண்டு பேர் இவர் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். சண்டை முடிந்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த நடுவர்களுக்கே ஒத்துப்போகவில்லை! நடப்பதற்கு முன்னால் சொல்கிற நாம் எம்மாத்திரம்? அவருடைய பட்டப்பெயர் "சூறாவளி" என்பது தற்செயல்தான் :-)

கடைசியாக அந்தப் பனைமரம். நக்கண்ணையாருக்கும் ஒரு கட்சி இருந்தது. மனசு முழுக்க அவன்தான் ஜெயிக்கணும் என்று இருந்தது. ஆனாலும் "அவன் ஜெயிப்பான்" என்று யாரிடமும் அடித்துச் சொல்லவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தார். பார்த்த பிறகுதான் சொன்னார்.

போன மாதம் சித்தி பையன் வந்திருந்தான். கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது அவனே ஆரம்பித்தான், "டேய், அடுத்த சண்டையில யாரு ஜெயிப்பா?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பத்துக்கு ஆறு அந்த பிரேசில்காரன். ஆனா நாலு தடவ தோப்பான்டா" என்றேன். சிரித்தான். "அப்ப சும்மாவே பாப்போம்" என்றான்.

சும்மாவே பார்த்தோம். பிரேசில்காரன் தோற்றுவிட்டான். சண்டை பிரமாதம்!