இரத்தம் கொடுத்தவர் ஓட்டத்தில் பின்தங்குவாரா?

தென்காசிப் பக்கத்து இளைஞர்கள் பலருக்கு ஓட்டம் வெறும் விளையாட்டு அல்ல. காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடித்தாக வேண்டும். அதற்காகப் பயிற்சி செய்யும் ஒருவரைக் கல்லூரி இரத்ததான முகாமுக்கு அழைத்துப் பாருங்கள். “ரத்தம் கொடுத்தா ஓடும்போது மூச்சு வாங்குமே சார்!” என்று தயங்குவார். இந்தத் தயக்கம் வீண் பயமா? அல்லது அதில் உண்மை உண்டா? இதற்கு விடை கண்ட வரலாறு சுவையானது.

முதலில் ஒரு சிறு கணக்கு

நம் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. ஒரு லிட்டரில் ஏறத்தாழ 150 கிராம் ஹீமோகுளோபின் உண்டு. ஒவ்வொரு கிராமும் 1.34 மில்லி லிட்டர் பிராணவாயுவைச் சுமக்கும். ஆக, ஒரு லிட்டர் இரத்தம் சுமப்பது சுமார் 200 மில்லி லிட்டர். முகாமில் எடுப்பது பெரும்பாலும் 350 மில்லி லிட்டர்; அதாவது மொத்தத்தில் 7 சதவீதம். இழந்த நீர்ப்பகுதியை உடல் ஓரிரு நாட்களில் ஈடு செய்துவிடும். ஆனால் சிவப்பணுக்கள் அவ்வளவு விரைவில் உற்பத்தியாவதில்லை. எனவே இரத்தத்தின் அளவு பழையபடி ஆனாலும், அது சற்று நீர்த்திருக்கும்.

உட்கார்ந்து படிப்பவருக்கு இது தெரியாது. ஆனால் முழு வேகத்தில் ஓடுபவரின் இதயம் ஏற்கெனவே தன் உச்ச அளவில் உழைத்துக்கொண்டிருக்கிறது. அதற்குமேல் அதிக இரத்தத்தை இறைத்து அந்தக் குறையை அதனால் சரிக்கட்ட முடியாது. ஆகவே நெடுந்தூர ஓட்டத்தில் களைப்பு முன்னதாகவே வந்துவிடும். சில விநாடிகளில் முடியும் 100 மீட்டர் ஓட்டத்தில் வேறுபாடு மிகக் குறைவு.

போரும் மலையும் கற்பித்த பாடம்

1901-இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளை வெளியிட்ட பிறகே ஒருவர் இரத்தத்தை மற்றவருக்கு அச்சமின்றி ஏற்ற வழி பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் இரத்தத்தின் தேவை பெருகியது. அப்போதுதான் நம் கேள்வியும் எழுந்தது. அமெரிக்காவில் கார்ப்போவிச், மில்மன் என்ற இருவர், இரத்தம் கொடுத்த விளையாட்டு வீரர்களைப் பற்றி 1942-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர்.

பிராணவாயுவின் அருமையை உலகம் கண்கூடாகக் கண்டது 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில். அந்நகரின் உயரம் சுமார் 2240 மீட்டர். நம் உதகமண்டலத்தின் உயரமும் கிட்டத்தட்ட அதுவே! அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்கைவிடச் சற்றே அதிகம். மெல்லிய காற்றில் பீமன் 8.90 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தார். ஆனால் 10,000 மீட்டரில் வென்ற கென்யாவின் தெமு எடுத்துக்கொண்ட நேரம் 29 நிமிடம் 27 விநாடி. அன்றைய உலக சாதனையைவிட இது ஒன்றே முக்கால் நிமிடம் அதிகம்.

1972-இல் சுவீடன் நாட்டு உடலியல் அறிஞர் எக்புலோம், தம் குழுவினருடன் ஒரு தெளிவான சோதனையை வெளியிட்டார். சிலரிடமிருந்து இரத்தம் எடுத்து ஓடவிட்டார், திறன் குறைந்தது. சில வாரங்களில் அது பழைய நிலைக்கு வந்தது. பின் சேமித்து வைத்த அவரவர் அணுக்களையே திரும்ப ஏற்றினார். பிராணவாயு ஏற்கும் திறன் 9 சதவீதமும், களைக்கும்வரை ஓடும் நேரம் 23 சதவீதமும் கூடின.

குறுக்கு வழியும் தடையும்

இந்தச் சோதனையில் நல்ல செய்தி ஒன்று இருந்தது: கொடுத்த இரத்தத்தை உடல் மீண்டும் ஆக்கிக்கொள்கிறது. ஆனால் சிலர் அதில் குறுக்கு வழியைத்தான் கண்டார்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க சைக்கிள் வீரர்கள் சிலர் போட்டிக்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டது பின்னர் வெளிவந்தது. அப்போது அதற்குத் தடை இல்லை. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஒலிம்பிக் குழு தடை விதித்தது.

நம் நாட்டின் கவலையோ வேறு. இங்கே வறுமையால் அடிக்கடி இரத்தம் விற்றுப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். சிவப்பணுக்கள் சில வாரங்களில் ஊறிவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் உடன்போகும் சுமார் 175 மில்லி கிராம் இரும்புச்சத்து திரும்பச் சேர மாதங்கள் ஆகலாம். அது சேருமுன்பே மறுபடி விற்றவரின் உடல் என்னாகும்? உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, 1998 ஜனவரி 1 முதல் இரத்த விற்பனை நாடெங்கும் தடை செய்யப்பட்டது. இன்று ஆண்கள் 90 நாட்களுக்கு ஒரு முறையும் பெண்கள் 120 நாட்களுக்கு ஒரு முறையும் மட்டுமே கொடுக்கலாம். ஹீமோகுளோபின் டெசி லிட்டருக்கு 12.5 கிராமாவது இருக்க வேண்டும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

ஓட்டக்காரரின் தயக்கத்தில் உண்மை உண்டு. ஆனால் அது சில வாரங்களுக்கே பொருந்தும் உண்மை. தேர்வோ போட்டியோ ஒரு மாதத்துக்குள் இருந்தால் தள்ளிப்போடுங்கள். முடிந்த மறுவாரமே கொடுங்கள். கொடுத்த அன்று கடும் பயிற்சி வேண்டாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். பிறகு சில நாட்கள் வேகத்தைக் குறைத்து ஓடுங்கள். கீரை, பயறு, மீன் ஆகியவற்றை உணவில் சேருங்கள். எலுமிச்சையும் நெல்லிக்காயும் இரும்பு உடலில் சேர உதவும். உணவோடு தேநீர் குடித்தால் அதைத் தடுக்கும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. எனவே ஓடும் மாணவிகள் முதலில் தங்கள் ஹீமோகுளோபின் அளவைத் தெரிந்துகொள்வது அவசியம்.

1975 முதல் அக்டோபர் 1-ஆம் நாள் நம் நாட்டில் தன்னார்வ இரத்ததான தினமாகக் கொண்டாடப்படுகிறது. உங்கள் ஓட்ட நேரத்தில் சில விநாடிகள் தற்காலிகமாகக் கூடலாம். பிரசவத்தில் இரத்தம் இழந்த ஒரு தாய்க்கோ, விபத்தில் அடிபட்ட ஒருவருக்கோ அந்த 350 மில்லி லிட்டர் உயிரையே மீட்டுத் தரலாம். நாளைப் பார்த்துக் கொடுங்கள், ஆனால் கொடுங்கள்.