மாசம் 10 வெள்ளி



நம்ம பேராக், சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் துன் சம்பந்தன். 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் பால்மரத் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்க ஆரம்பித்தார்கள். வேலை போனால் லயத்து வீடும் போச்சு. நடுத்தெருவில் நின்றவர்களில் நம்ம சனம்தான் அதிகம்.

துன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. ஒரு பங்கு 100 வெள்ளி. மொத்தமாக முடியாதவங்க மாசம் 10 வெள்ளி கட்டினாங்க. அடுத்த வருஷமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது.

அது தர்மப் பணம் இல்லை. பால் வெட்டினவரே பங்குதாரர். கூட்டுறவில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டுதான்.

நம்ம கோயில் கல்வி நிதிக்கு வருவோம். மனு போடுவது பெரும்பாலும் தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள். யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும் கமிட்டியில் அவங்களில் ஒருத்தர்கூட இல்லை. அடுத்த கூட்டத்தில் அவங்களுக்கு 2 இடம் கேட்கப் போகிறேன். சம்மதம் உள்ளவங்க வந்து கை தூக்குங்க.

முருகா சரணம்.